மண்வெட்டி விழும் இடம்

கொடைக்கானல்
செப்டம்பர் 3

இல்லை அக்கா, அந்தப் பச்சையை நான் பூசவில்லை.

வேன்காரர் பழனிச்சாமி அண்ணன் உன் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கேரட் மண் ஒட்டியிருந்தது. ஒரே வரி. "பச்சை பூசுனது நீயா?" பேர் இல்லை, தேதி இல்லை. கையெழுத்தே போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை நீ அலுவலகத்துக்கு வந்தபோது நான் உள்ளே இருந்தேன். உன் குரல் கேட்டது. நான் வெளியே வருவதற்குள் நீ படியிறங்கிவிட்டாய்.

இல்லை. அது சரியில்லை. வந்திருக்கலாம். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

பிறகு ஏழு முறை போன் செய்தேன். எட்டாவது முறை மாமா எடுத்து, "ஒங்கக்கா பேசமாட்டாளாம் தாயி" என்று வைத்துவிட்டார்.

ஊரில் நீ சொல்லிவைத்திருப்பதுபோல் நான் ஆபீசர் இல்லை. இந்த மலைக்கு முழுமைத் திட்டம் என்று ஒன்று தயாராகிறது. எங்கே வீடு வரலாம், எங்கே கடை வரலாம், எங்கே ஒன்றும் வரக்கூடாது என்று நிறம் நிறமாகக் காட்டும் படம். அதைத் தயாரிக்கும் தனியார் நிறுவனத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. ஜனவரியில் வீடு வீடாக வந்து படிவம் நிரப்பினேன். படிவங்கள் சென்னைக்குப் போயின. அங்கே யாரோ நிறம் கொடுத்தார்கள்.

இப்போது வந்திருப்பது வரைவு. வரைவு என்றால் முடிந்துபோனதல்ல. இந்த மாதம் முப்பதாம் தேதிவரை ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம்.

உன் வீட்டு விண்ணப்பம் ஏன் திரும்பியது என்று பார்த்தேன். உன் சர்வே எண் கரும்பச்சையில் இருக்கிறது. இளம்பச்சை விவசாயம். கரும்பச்சை வனம். வனத்தில் வீடு கட்ட அனுமதி கிடையாது.

ஏன் கரும்பச்சை? பார்க்கிறேன்.

சுசித்ரா


பூண்டி
செப்டம்பர் 6

சுசிக்கு,

உங்கள் கவுன்டரில் இருந்த ஆள் என்ன சொன்னான் தெரியுமா? "வாயால சொன்னா எடுத்துக்க முடியாதும்மா. எழுத்துல குடுங்க." சரி. இனிமேல் உனக்கும் எழுத்தில்தான். போனில் பேசினால் நீ படித்தவள், மடக்கிவிடுவாய். காகிதத்தில் மடக்கினால் நான் ரெண்டாவது தடவை படித்துக் கண்டுபிடித்துக்கொள்வேன்.

போன ஐப்பசி மழையில் வடக்குச் சுவர் பிளந்தது. ஜனவரியில் நீ வந்தபோது விரல் நுழைந்தது. இப்போது கை நுழைகிறது. உங்க மாமா சாக்கைத் திணித்து வைத்திருக்கிறார். பிள்ளைகள் ரெண்டும் அடுப்படியில் படுக்கிறார்கள். காட்டில் மேட்டுப் பக்கம், பாறை மேல், ரெண்டு அறை. அவ்வளவுதான் கேட்டோம். இந்த ஐப்பசிக்குள் எழும்பியாக வேண்டும். கல் இறக்கியாச்சு. இப்போது கல் மேல் கோழி நிற்கிறது.

திரும்பி வந்த தாளில் 'வனப் பகுதி' என்று இருக்கிறது. நான் எந்த வனத்தில் போய்ப் பூண்டு நட்டேன்?

பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டியிருக்கிற படம் செராக்ஸ். அதில் எல்லா நிறமும் கருப்பு. கலர் படம் பார்த்தவள் ஊரில் நான் ஒருத்திதான். பச்சை என்று வந்து சொன்னேன். எல்லோருக்கும் சந்தோசம். "பச்சைன்னா வெவசாயம்தான முருகேஸ்வரி? நல்ல சேதிக்கு ஏன் மூஞ்சியத் தூக்கிட்டு வர்ற?" என்றாள் பக்கத்துக் காட்டு வேலுத்தாய். பச்சையில் ரெண்டு பச்சை இருக்கிறது என்று சொன்னேன். பச்சை மிளகாயிலும்தான் ரெண்டு இருக்கிறது என்றாள்.

ஜனவரியில் நீ கட்டிலில் உட்கார்ந்து, கடுங்காப்பி குடித்துக்கொண்டே எழுதினாய். அந்தப் படிவத்தில் என்ன எழுதினாய்? அதை மட்டும் சொல்லு. வேறு ஒன்றும் வேண்டாம்.

முருகேஸ்வரி


கொடைக்கானல்
செப்டம்பர் 10

அக்கா,

பதினைந்தாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். காலை பதினொன்று. ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் கல்யாண மண்டபம். பூண்டிக்காரர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒருவருக்கு இரண்டு நிமிடம். சர்வே எண்ணை முதலில் சொல். பட்டா நகல் கையில் இருக்கட்டும். 'விவசாய நிலம்' என்று சொல். 'சாகுபடி' என்று சொல். இந்தச் சொற்களையே சொல். நாம் வீட்டில் பேசுவதுபோல் அங்கே பேசாதே.

நீ கேட்டதற்கு. படிவத்தைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கீழே மூன்று வரி எழுதி அடித்திருப்பது உனக்குத் தெரியும். ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் முடியட்டும்.

சுசித்ரா


பூண்டி
செப்டம்பர் 16

சுசி,

நேற்று நடந்ததை எனக்கே எனக்கு ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். நீ அங்கே இருந்தாய். ஆபீசர்கள் மேசையின் ஓரத்தில். கூட்டத்தில் பேசுகிறதை எழுதுகிற சோலி உனக்குப் போல. இருந்தாலும் எழுதுகிறேன். நான் பார்த்ததும் நீ பார்த்ததும் ஒன்றுதானா என்று எனக்கு இப்போது சந்தேகம்.

வெள்ளனே கிளம்பி, பதினேழு பேர் வந்தோம். எங்கள் முறை வந்தபோது பசி வந்துவிட்டது.

"அடுத்து பூண்டி. பேரும்மா?"

"முருகேஸ்வரிங்க. பட்டா எம்பேர்ல இருக்கு."

"ஆட்சேபணை என்னன்னு சொல்லுங்க."

"எங்க காட்டுல வீடு கட்டக் கூடாதுன்னு தாள் வந்திருக்குங்க."

அந்த ஆபீசர் பேனாவை வைத்துவிட்டார். "ஒரு நிமிசம். உங்க இடம் காடா?"

"ஆமாங்க. காடுதான்."

"நிச்சயமா?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? நாலு தலமொறையாக் காடுங்க. யாரைவேணா கேளுங்க."

பின்வரிசையிலிருந்து முத்துராஜ் எழுந்து, "அக்கா சொல்றது நெசம் சார்! எங்களுதும் காடுதான்! எல்லாருதும் காடுதான்!" என்று கத்தினான். எல்லோரும் கை தட்டினோம்.

ஆபீசர் பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "அவங்களே சொல்றாங்களே. அப்புறம் என்ன ஆட்சேபணை? பதிவு பண்ணிக்கங்க."

நீ பதிவு பண்ணினாய். தலையைத் தூக்கவே இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வேலுத்தாய் எனக்கு பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பத்திரம் எழுதுகிற இராமலிங்கம் இருந்தார். விசயத்தைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தவர் மன்னவனூர் பிரிவு வரைக்கும் நிறுத்தவில்லை.

"ஏத்தா, அவங்க பேச்சுல காடுன்னா மரம் அடைஞ்சு கெடக்குற வனம்! மைக்கைப் புடிச்சு ஒங்க நெலத்த வனம்னு நீங்களே சொல்லிட்டு வந்திருக்கீங்க. அதுக்குக் கைதட்டு வேற!"

 வேலுத்தாய் கேட்டாள். "அப்பம் நம்ம காட்டுக்கு அவங்க என்ன பேரு வச்சிருக்காங்க?"

மண்வெட்டி விழுந்தா காடு. விழாத இடம் சோலை. இது தெரியாமல் எப்படி இந்த மலைக்குப் படம் போட்டார்கள்? அவர்களுக்குத் தெரியாது, சரி. உனக்குமா?

'வீட்டில் பேசுவதுபோல் பேசாதே' என்று எழுதியிருந்தாய். என் பேச்சு உனக்கு வெட்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதற்காகவே வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன்.

மு.


கொடைக்கானல்
செப்டம்பர் 18

எனக்குத் தெரியும் அக்கா. ஐந்தாம் தேதியே தெரியும்.

போன கடிதத்தில் அடித்த மூன்று வரிகளும் ஒரே வரி. 'காடு என்று சொல்லாதே.' அதை எழுதினால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொன்னால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டும். அதனால் சுற்றி எழுதினேன். நீ வெட்கம் என்று படித்தாய். வேறு எப்படிப் படிப்பாய்?

மற்றது இதுதான்.

நிறுவனம் முதலில் கொடுத்த படிவத்தில் நிலத்துக்கு எட்டுக் கட்டங்கள் இருந்தன. குடியிருப்பு, விவசாயம், வனம், இப்படி. ஒன்றில் டிக் போட்டால் போதும். நான்தான் சண்டை போட்டேன். மக்கள் தங்கள் நிலத்தை எந்தச் சொல்லால் அழைக்கிறார்களோ அதையே எழுத வேண்டும் என்று. கல்லூரியில் அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவள் நான். நீ பார்த்த கண்ணாடிக்காரர் சந்தோஷ்குமார் சார், எங்கள் மேலாளர். அவர் ஒத்துக்கொண்டார். கட்டங்களை எடுத்துவிட்டு ஒரு வெற்றுக் கோடு போட்டார்கள்.

அந்தக் கோட்டின் மேல் எழுதினேன். "மாமா எங்கே?" என்று கேட்டேன். "காட்டுக்குப் போயிருக்காரு" என்றாய். உங்கள் பக்கம் நாற்பத்தொரு படிவம். பூண்டுக் காடு. கேரட்டுக் காடு. பெரிய காடு. எழுத எழுத சந்தோஷமாக இருந்தது.

சென்னையில் தட்டச்சு செய்தவர் காடு என்று பார்த்ததும் வனத்துக்கான எண்ணைப் போட்டார். நாற்பத்தொரு முறை. அவர் மேல் கோபம் வரவில்லை. நான் சரியாக எழுதினேன். அவர் சரியாகப் படித்தார். நடுவில் நிலம் மாறிவிட்டது.

சாரிடம் சொன்னேன். நாமே தவறு என்று எழுதிக் கொடுத்தால் எல்லா ஊரையும் மறுபடி கணக்கெடுக்கச் சொல்வார்கள் என்றார். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, அதை நீட்டிக்கலாம் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். பிறகு, மெதுவாகத்தான் கேட்டார்: "பச்சையா இருக்கறது நல்லதுதானே சுசித்ரா? மலையை விட்டுவைங்கன்னு நீங்கதானே தினம் பேசுவீங்க?"

அதை என்னால் மறுக்க முடியாது. ஏனென்றால் கதிர்வேல் அண்ணன்.

நீங்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு மேலே இருக்கும் அவருடைய மூன்று ஏக்கரும் அந்த நாற்பத்தொன்றில் ஒன்று. ரிசார்ட்டுக்காரர்கள் வந்து அளந்துவிட்டுப் போனது உனக்கே தெரியும். இப்போது அது நின்றுகிடப்பது இந்தக் கரும்பச்சையால். என் தவறால். நான் எழுதிக் கொடுத்தால் நாற்பத்தொன்றும் திறக்கும். உனக்கு வீடு. அவருக்கு ரிசார்ட். உன் சர்வே எண்ணை மட்டும் குறிப்பிட்டும் எழுதலாம். மற்ற நாற்பதைப் பற்றி வாய் திறக்காமல்.

ஒன்றா, நாற்பத்தொன்றா? உன்னைக் கேட்பது நியாயமில்லை. கேட்கிறேன்.

சுசி


பூண்டி
செப்டம்பர் 22

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலாவது முறை அடுப்பில் போடப் போனேன். உங்க மாமா பிடுங்கிக்கொண்டார்.

ஏண்டி, அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. 'சார், அவங்க சொல்ற காடு வேற' என்று எழுந்து சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ரெண்டு நிமிசம்கூட வேண்டாமே.

பதில் எழுதாதே.


பூண்டி
செப்டம்பர் 24

பதில் எழுதாதே என்றால் நிஜமாகவே எழுதாமல் இருப்பாயா?

நேற்று கதிர்வேல் வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரில் இருக்கிற பிளவைத் தடவிப் பார்த்தான். இத்தனை வருசத்தில் அவன் எங்கள் வீட்டுக்குள் வந்ததே கிடையாது.

"அக்கா, இப்ப நீங்களும் நானும் ஒரே கச்சி. பச்சைய எடுக்கணும்னா சேந்து கையெழுத்துப் போடுவோம். ஒங்க வீடும் வரும், என் சோலியும் முடியும்."

"ஊத்துக்கு மேல கக்கூஸ் கட்டுவாங்களாடா?"

"அதெல்லாம் பைப்புல போயிரும்க்கா."

"எங்க போகும்?"

 கடுங்காப்பி குடித்துவிட்டுப் போனான்.

வேலுத்தாயிடம் கேட்டேன். "பச்சை கெடக்கட்டும் முருகேஸ்வரி, மேல அவன் கட்டடம் வராதுல்ல" என்றாள். ரெண்டு பாத்தி களை எடுத்திருப்பாள். "ஆனா வனத்துக்குக் கரண்டு கனெக்சன் தரமாட்டாங்களாமே. எம்மவன் மோட்டாருக்கு எழுதிப் போட்டிருக்கானே" என்றாள். நீ எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமுந்தான்" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் கெடக்கு. பச்சையாக இருந்தால் ஊற்று தப்பிக்கும். பச்சையாக இருந்தால் சுவர் விழும். படம் போட்டவர்கள் ஒரே நிறத்தை வைத்து, வீடு கேட்கிறவளையும் ஊற்றைக் கேட்கிறவளையும் எனக்குள் மோதவிட்டார்கள்.

படித்தவள் நீ. உனக்கு என்ன தோன்றுகிறது?

மு.


கொடைக்கானல்
செப்டம்பர் 26

தெரியவில்லை அக்கா.

காலையில் ஒன்று என்று எழுந்தேன். அலுவலகம் போகும் ஏற்றத்தில் நாற்பத்தொன்று என்று ஆனது. அங்கே சுவரில் அந்தப் படம் தொங்குகிறது. எவ்வளவு அழகான பச்சை. பூண்டியில் ஒரு வீடுகூட இல்லாதது போல.

கூட்டத்தில் ஏன் எழவில்லை என்று கேட்டாய். நீ 'நாலு தலமொறையாக் காடுங்க' என்றபோது என் பேனா எழுதிக்கொண்டிருந்தது. கேட்டதைக் கேட்டபடி எழுதுவதுதான் நேர்மை என்று நினைத்து வளர்ந்திருக்கிறேன். எழுதி முடித்துத் தலை தூக்கியபோது அடுத்த ஊரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

இது காரணம். மன்னிப்பு இல்லை. மன்னிப்பை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் நான்கு நாள்.

சுசி


பூண்டி
செப்டம்பர் 28

சுசிக்கு,

வெரசாக எழுதுகிறேன். பூண்டு பிடுங்க ஆள் வந்து நிற்கிறார்கள். பழனிச்சாமி ஹாரன் அடிக்கிறான். "ரெண்டு பேர்கிட்டயும் போன் இருக்கு, நான் என்ன தபால்காரனா?" என்று கத்துகிறான்.

நாற்பத்தொன்றையும் எழுது.

எனக்கு மட்டும் எழுதினால் என்ன என்று ரெண்டு நாள் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். அப்புறம் அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்தது. நான் காடு என்றதும் எனக்காகத்தானே எழுந்தார்கள்? அவர்கள் கை தட்டியதும் உங்கள் நோட்டில் பதிவாகியிருக்கும், இல்லையா?

கதிர்வேல் கட்ட வந்தால் ஊற்றில் போய் நான் உட்காருகிறேன். வேலுத்தாயும் வருகிறேன் என்றிருக்கிறாள், மோட்டாருக்குக் கனெக்சன் வந்த பிறகு. அவனோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அதை நேருக்கு நேர் போட்டுக்கொள்கிறேன். உன் தப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போட மாட்டேன்.

இது சரியா என்று கேட்காதே. முடிவு பண்ணினால் மனசு தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

உன் வேலை போகுமா? அதை நான் கேட்கவே இல்லை. உங்க மாமாதான் ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்.

சாக்கை எடுத்துவிட்டு சுவரில் மண் குழைத்துப் பூசியிருக்கிறோம். ஐப்பசிக்குத் தாங்குமோ என்னவோ.

அக்கா


கொடைக்கானல்
செப்டம்பர் 30

அக்கா,

நாற்பத்தொரு தாள். நேற்றும் இன்றும் உட்கார்ந்து கையாலேயே எழுதினேன். தட்டச்சு செய்ய மனம் வரவில்லை. ஒவ்வொன்றிலும் சர்வே எண், உரிமையாளர் பெயர், பிறகு இப்படி: 'இந்தப் படிவத்தில் காடு என்று எழுதியவள் நான். அது வனத்தைக் குறிப்பதல்ல. அவ்வூரார் வழக்கில் மண்வெட்டி விழுந்தால் காடு, விழாத இடம் சோலை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர்கள் சொன்னதும் இதே பொருளில்தான். அங்கே இதை விளக்கியிருக்க வேண்டியவள் நான். விளக்கவில்லை.'

அந்தக் கடைசி இரண்டு வரியை உன்னிடம் சொல்வதற்காகத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். வேறு யாரும் படிக்க மாட்டார்கள்.

தபால் பிரிவில் இருந்தவர் படித்தார். "மண்வெட்டி விழுந்தா காடு. இது என்னம்மா, பழமொழியா?"

"விளக்கம்" என்றேன்.

"ஆட்சேபணையா, ஆலோசனையா? ரெண்டுக்கும் தனித்தனி ரிஜிஸ்தர்."

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. இரண்டிலும் பதிந்தார்.

நாற்பத்திரண்டாவதாக ஒன்று என் பெயரில் கொடுத்தேன். ஊற்று. படத்தில் அது எங்கேயும் இல்லை. எங்கள் படிவத்தில் தண்ணீருக்கு ஒரு கோடுகூட நாங்கள் விடவில்லை. ஊற்றையும் அதற்கு மேலே இருக்கும் சரிவையும் குறிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அங்கே நிலம் இல்லாதவள் கேட்கலாமா என்றார். உங்கள் விதியில் என்ன இருக்கிறது என்றேன். தேடினார். கிடைக்கவில்லை. முத்திரை குத்தினார்.

இதனால் உன் வீடு வருமா, ஐப்பசிக்குள் வருமா, கதிர்வேல் அண்ணன் கட்டடம் வருமா, எதுவும் சொல்ல முடியாது. பரிசீலிக்கப்படும் என்று சீட்டில் அச்சடித்திருக்கிறது. சந்தோஷ்குமார் சார் நகலை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிசம்பர் பத்தி இப்ப எதுவும் கேக்காதீங்க" என்றார். நான் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஒப்புகைச் சீட்டுகளை வாங்கினேன். பழனிச்சாமி அண்ணனின் வேன் மூஞ்சிக்கல் பஸ் நிறுத்தத்தில் நின்றது. கடிதத்துக்குக் கையை நீட்டினார். இல்லை என்று தலையாட்டினேன். கடிதத்தைப் பையில் வைத்தேன். மூன்றரை பஸ்ஸில் ஏறி, பூண்டிக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். இந்தக் கடைசி வரிகளை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.